ஓசூர் வட்டார உரக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓசூர், தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் உரக்கடை, மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

பாலிஹவுஸில், அதாவது பாலித்தீன் கூரை போட்ட குடிலில், ரோஜாவும் ஜெர்பரா பூவும் போட்டிருக்கும் எங்களுக்கு யோசனை கேட்கவும் உங்கள் கடைதான், கடன் கேட்கவும் உங்கள் கடைதான். அந்த உரிமையில் கேட்கிறேன்: அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்கிற உயிர் உர பாட்டில்களை ஏன் இன்னும் ஷட்டர் ஓரம், சாயங்கால வெயில் நேராக விழும் அலமாரியில் அடுக்குகிறீர்கள்? உள்ளே இருப்பது உயிருள்ள பாக்டீரியா. சூட்டில் அது செத்துப்போனால் நாங்கள் காசு கொடுத்து வாங்கிப் போவது வெறும் கலங்கல் தண்ணீர். உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006-லேயே உயிர் உரத்தைச் சேர்த்துவிட்டார்கள், திரவம் என்றால் மில்லிக்குக் குறைந்தது 10 கோடி, தூள் என்றால் கிராமுக்கு 5 கோடி உயிரணு இருக்கவேண்டும் என்பது அதிலுள்ள விதி. கம்பெனியிலிருந்து கிளம்பும்போது கணக்கு சரியாகவே இருக்கலாம், ஏப்ரல் மே முழுக்க உங்கள் அலமாரியில் காய்ந்த பிறகு எவ்வளவு மிஞ்சும்?

திறந்தவெளித் தோட்டத்தைவிட எங்களுக்கு இது பெரிய விஷயம். நடவுக்கு முன்னால் பாத்திக்கு ஃபார்மலின் என்ற கிருமிநாசினி ஊற்றி பாலித்தீன் போட்டு மூடுகிறோம், நோய்க்கிருமியோடு சேர்ந்து நல்லதும் சாகிறது. மேலே ஷீட், அதனால் மழையும் இல்லை சருகும் இல்லை, போன நுண்ணுயிர் தானாகத் திரும்பி வர ரொம்ப நாளாகும். ஃபார்மலின் வாடை முழுக்கப் போகும்வரை தண்ணீர் விட்டுக் கழுவி, மக்கிய தொழுவுரத்தோடு உயிர் உரத்தையும், நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மாவையும் கலந்து போட்டால் நல்லது முந்திக்கொண்டு இடம் பிடிக்கும். அப்புறம் சொட்டுநீரில் கரையும் உரம் விட்டுக்கொண்டே இருக்கிறோம், அதிலுள்ள மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) ஒரு பங்கை மண் பிடித்து வைத்துக்கொள்கிறது, வேருக்கு எட்டுவதில்லை. அமிலம் சுரந்து அதைக் கரைத்துக் கொடுப்பதுதான் பாஸ்போபாக்டீரியா. வேர் ஓடினால்தான் தண்டு நீளும், தண்டு நீளத்தை வைத்துத்தான் ரோஜாவுக்கு கிரேடு, விலை எல்லாமே.

ஒரே பில்லில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சை மருந்தும் உயிர் உரமும் போட்டு, "ரெண்டையும் ஒண்ணா விட்டுடுங்க" என்று சொல்லி அனுப்பாதீர்கள். தாமிரம் பாக்டீரியாவைக் கொல்லும், இன்னொரு பூஞ்சை மருந்தான கார்பன்டசிம் டிரைக்கோடெர்மாவை விட்டுவைக்காது, நடுவில் நாள் விடச் சொல்லுங்கள். சொட்டுநீருக்கு என்று கேட்பவரிடம் லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) தூளில் கலந்த உயிர் உர பாக்கெட்டையும் நீட்டாதீர்கள். தண்ணீர் சொட்டும் டிரிப்பர் அடைத்துக்கொண்டால் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவிக்கொண்டு உட்காருவது நாங்கள்தானே. தூள் தொழுவுரத்தில் கலக்க, டிரிப்புக்கு திரவம்.

"இதை விட்டா யூரியாவே வேண்டாம்" என்று அளப்பதும் வேண்டாம். யூரியா தரும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். தழைச்சத்தை அள்ளிக் கொட்டுகிற இடத்தில் அசோஸ்பைரில்லம் காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கும் வேலையையே நிறுத்திவிடும், இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காதலர் தினப் பூவுக்கு நாங்கள் எப்போது கவாத்து செய்வோம் என்பது உங்களுக்குத் தெரியாததா? அதற்கு முன்பே நாலைந்து தோட்டம் சேர்ந்து எவ்வளவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அந்த அளவுக்கு மட்டும் புதுத் தேதி போட்டதாக வரவழைத்து, வந்த அன்றே போன் போடுங்கள், வண்டியோடு வந்து எடுத்துக்கொள்கிறோம். தேதி தாண்டியது இருந்தால் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன் என்று எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

இப்படிக்கு,
தளிப் பக்கத்துப் பூ விவசாயி