‘பக்கவிளைவே இல்லாத’ அதிமதுரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்மசி மாணவர்களுக்குச் சித்தா, ஆயுர்வேதமும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைச் சந்தோஷமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். நடுவில் ஒரு வரி: ‘இம்மருந்துகளுக்குப் பக்கவிளைவே கிடையாது என்பதால் கற்பிப்பதும் எளிது.’

பக்கவிளைவே கிடையாதென்றால் பாடம் எதற்கு? பெட்டிக்கடையில் தொங்கவிட்டுவிடலாமே. சேராங்கொட்டை, எட்டி, நாபி என்று நச்சுச் சரக்குகளுக்காகவே மருந்து விதிகளில் ‘இ1’ அட்டவணை இருப்பது தாங்கள் அறியாததல்ல.

1990களில் டி.பார்ம். என்ற மருந்தாளுநர் பட்டயப்படிப்பு படித்தபோது அதிமதுர வேரின் குறுக்குவெட்டைக் கலர் பென்சிலில் வரைந்து ரெக்கார்டு நோட்டில் ‘வெரி குட்’ வாங்கியவன் நான். அளவு மீறினால் அது உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை. கடைக்கு வந்த ஓர் அம்மாவிடம்தான் அந்தப் பாடம் கிடைத்தது. டாக்டர் இரண்டு முறை மாத்திரையைக் கூட்டியும் அவருக்குப் பிரஷர் இறங்கவில்லை. கால் வேறு வீக்கம். “வேற ஏதாச்சும் சாப்பிடுறீங்களாம்மா?” “ஒண்ணுமில்ல தம்பி.” சொல்லிக்கொண்டே சுருக்குப்பையில் சில்லறை துழாவியபோது ஒரு பொட்டலம் வெளியே வந்தது. தொண்டைக் கரகரப்புக்கு ஆறு மாதமாகத் தினம் இரண்டு ஸ்பூன் அதிமதுரப் பொடி. “இதெல்லாம் மருந்தா தம்பி? இனிப்பால்ல இருக்கு!” டாக்டரிடம் சொல்லி நிறுத்தினோம், சில வாரங்களில் பிரஷர் இறங்கியது.

பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலையையும் வேரையும் அடையாளம் காட்டியது போதும், அந்தச் சுருக்குப்பையைப் பற்றிக் கேட்கப் பழக்குங்கள் என்கிறேன்.

கபசுரக் குடிநீரைத் தண்ணீர் மாதிரி குடித்து வயிற்றெரிச்சலோடு வந்தவர்களைப் பற்றிக் கொரோனா காலத்தில் தங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை. சரி, இடமிருந்திருக்காது. இந்தக் கட்டுரையில் ஐந்து இடங்களில் மருந்தாளுநர்களான எங்களை ‘மருந்துக்கடை ஊழியர்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். கடையில் நிற்காமல் சான்றிதழை மட்டும் கடைக்காரருக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. 26 வருடமாகத் தினம் 12 மணி நேரம் நின்று காலில் நரம்பு சுருண்டவனும் உண்டு.

கட்டுரைக்கு நேர் கீழே, ‘சர்க்கரையை அடியோடு ஒழிக்கும்’ பொடிக்குக் கால் பக்க விளம்பரம். இத்தகைய விளம்பரங்களுக்கு எதிராக 1954-லேயே சட்டம் வந்துவிட்டதை ஆசிரியருக்கு நான் நினைவூட்டுவது அதிகப்பிரசங்கித்தனம்.

நான் கேட்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு இரண்டு வரித் திருத்தம். முடிந்தால், அந்த விளம்பரம் வராத பக்கத்தில்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
தேனி மாவட்டம்.