நாங்க எப்ப ஜெயிப்போம், டீச்சர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்களாட்சியின் குறைகளைப் பற்றி உங்கள் பக்கத்தில் வரும் கடிதங்களை ஒன்று விடாமல் படித்து வருகிறேன். லஞ்சம், ஓட்டுக்குப் பணம், கட்சித் தாவல், படிக்காதவர்கள் போடும் ஓட்டு என்றே பெரும்பாலோர் எழுதுகிறார்கள். படிக்காதவர்களைக் குறை சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். மற்றவை உண்மையான நோய்கள்தான். ஆனால் அரசர்கள் காலத்திலும் லஞ்சம் இருந்தது, ராணுவ ஆட்சியிலும் இருக்கிறது. எவ்வளவு நேர்மையாக நடத்தினாலும் மக்களாட்சியை விட்டுப் போகாத குறை ஒன்று உண்டு. அதை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

முப்பத்தொரு ஆண்டுகள் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். குடிமையியல் பாடம் வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு வகுப்பிலேயே தேர்தல் வைப்பது என் வழக்கம். ஓர் ஆண்டு எட்டாம் வகுப்பில் 42 பேர். வகுப்புத் தலைவர் பதவிக்கு மூன்று பேர் நின்றார்கள். சீட்டுகளை எண்ணினோம்: 16, 14, 12. பதினாறு வாங்கியவன் ஜெயித்ததாக அறிவித்தேன். கரும்பலகையை அழிக்கப் போகும்போது ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், 26 பேர் அவனுக்குப் போடலையே?” என்றாள். பாடப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. சரி, இருவர் இருவராக நிறுத்தி மறுபடி ஓட்டெடுப்போம் என்றேன். முதலில் கடைசியாக வந்த பெண், தனித்தனியே மோதியபோது மற்ற இருவரையும் ஜெயித்துவிட்டாள். வகுப்பே வாயடைத்துப் போனது. இப்படி நடக்கும் என்பதை கோந்தொர்சே என்ற பிரெஞ்சு அறிஞர் 1785-லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

நாடுகளிலும் இதுதான். பிரிட்டனில் 2015 தேர்தலில் யூகே இன்டிபென்டன்ஸ் கட்சி ஏறத்தாழ 38.8 லட்சம் வாக்குகள் வாங்கியது. கிடைத்தது ஒரே ஓர் இடம். ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு ஏறத்தாழ 14.5 லட்சம் வாக்குகள். கிடைத்தவை 56 இடங்கள். 2024-ல் 33.7 சதவீத வாக்குகளோடு தொழிற்கட்சி 650-ல் 411 இடங்களைப் பிடித்தது. இதில் மோசடி இல்லை. எண்ணும் முறையே அப்படி. இதற்காவது, வாங்கிய வாக்குகளின் அளவுக்கேற்ப இடங்களைப் பங்கிடும் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்று ஒரு மருந்து இருக்கிறது, பல நாடுகள் அதைக் கையாள்கின்றன.

என்னை இன்றுவரை உறுத்துவது வேறொன்று. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் விளையாடப் போவதா, நூலகம் போவதா என்று அதே வகுப்பில் வாரா வாரம் ஓட்டெடுத்தோம். முதல் வாரம் விளையாட்டுக்கு 35, நூலகத்துக்கு 7. அடுத்த வாரமும் 35–7. இப்படியே ஒன்பது வாரம். யாரும் யாரையும் மிரட்டவில்லை. ரகசிய ஓட்டு, எண்ணியது நான். பத்தாவது வாரம் சீட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தபோது அந்த ஏழு பேரில் ஒரு பையன் கையை நீட்டவில்லை. ஏன் என்று கேட்டேன். “நாங்க எப்ப ஜெயிப்போம், டீச்சர்?” என்றான்.

இன்று தோற்றவர் நாளை ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் தோல்வியை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். வரியும் விலைவாசியும் பிரச்சினையாக இருக்கும்வரை அந்த நம்பிக்கை பலிக்கிறது, மக்கள் மனம் மாறுகிறார்கள். மொழியும் இனமும் தேர்தலுக்குத் தேர்தல் மாறுமா? அவற்றை வைத்து எண்ணத் தொடங்கினால் சிலர் பிறக்கும்போதே தோற்றவர்களாகப் பிறக்கிறார்கள்.

இதற்கு இலங்கையைவிடத் தெளிவான சாட்சி நம் வாசகர்களுக்கு வேண்டியதில்லை. 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டார்கள். 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள், அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போனது. ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் செய்யக்கூடாது என்று அந்நாட்டு அரசமைப்பின் 29-ஆவது பிரிவு சொல்லியிருந்தது. வழக்கு, அன்று இலங்கைக்கும் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1953-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி. 1972-ல் எழுதிய புதிய அரசமைப்பில் அந்த 29-ஆவது பிரிவின் காப்பே இல்லை. இவை எதுவும் ராணுவப் புரட்சியில் நடந்தவையல்ல. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் அவையில் அமர்ந்து வாக்கெடுத்துச் செய்தவை. அந்தத் தொழிலாளர் வழிவந்தவர்களில் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-ல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! ஓட்டே இல்லாதவர்கள் அடுத்த தேர்தலில் எதைத் திருத்துவார்கள்?

எல்லாவற்றையும் மக்களிடமே நேரடியாகக் கேட்டால் சரியாகிவிடும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சுவிட்சர்லாந்தில் பல விஷயங்களை அப்படித்தான் கேட்கிறார்கள். பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1959-ல் கேட்டார்கள். ஓட்டுப் போட்டவர்கள் ஆண்கள் மட்டுமே. மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். 1971-ல்தான் சரி என்றார்கள். அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சிறு மாநிலத்தின் ஆண்கள் 1990-லும் மறுத்தார்கள். அந்த ஆண்டு நீதிமன்றம் தலையிட்டுத்தான் அங்கே மாநில வாக்குரிமை பெண்களுக்குக் கிடைத்தது. மக்களிடம் கேட்பதற்கு முன்னால் யாரெல்லாம் மக்கள் என்று முடிவாகியிருக்க வேண்டும். அதை முடிவு செய்வது ஏற்கெனவே ஓட்டு வைத்திருப்பவர்கள். இனிமேல் பிறக்கப் போகும் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை. நாம் வாங்கும் கடனையும் வற்றவைக்கும் நிலத்தடி நீரையும் பற்றி அவர்களை யார் கேட்பது?

பத்தாவது வாரம் நான் ஓட்டெடுக்கவில்லை. நான்கு வெள்ளிக்கிழமையில் ஒன்று நூலகத்துக்கு என்று நானே அறிவித்துவிட்டேன். முப்பத்தைந்து பேரில் சிலர், “இது மக்களாட்சியா டீச்சர்?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியும் நியாயம்தான். என்னை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லையே. நீதிமன்றங்கள் செய்வதும் இதைத்தான், நீதிபதிகளையும் பெரும்பாலான நாடுகளில் மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. பெரும்பான்மையைத் தடுத்து நிறுத்த அதற்கு வெளியிலிருந்து ஒரு கை வேண்டியிருக்கிறது. அந்தக் கை பின்வாங்கினால் 1953-ல் நடந்ததுதான் நடக்கும். இந்த முடிச்சை எனக்கு அவிழ்க்கத் தெரியவில்லை. மாணவர்களிடமும் அப்படியே சொன்னேன்.

அதற்காக, போன வாரம் ஒருவர் எழுதியதைப்போல ‘கண்டிப்பான ஒரு தலைவர்’ வந்தால் போதும் என்று சொல்லிவிடாதீர்கள். ஜெர்மனியில் 1933 மார்ச் 23 அன்று சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிட்லர் அரசிடம் ஒப்படைக்க 444 உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள். எதிர்த்தவர்கள் 94 பேர். கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை அவைக்குள்ளேயே விடவில்லை, சீருடை அணிந்த நாஜிப் படையினர் சுற்றி நின்றார்கள். தன்னையே ஒழித்துக்கொள்ளும் தீர்மானத்தையும் ஒரு நாடாளுமன்றம் நிறைவேற்ற முடிகிறது. என் வகுப்புக் கணக்கில் சொன்னால், அந்தத் தலைவர் வந்தபின் அந்த ஏழு பேரோடு மீதி முப்பத்தைந்து பேரும் சீட்டை இழந்தார்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். தேர்தல் முடிவு வரும் நாளில் ஜெயித்தவர் படத்தைப் பெரிதாகப் போடுகிறீர்கள். பக்கத்தில் சிறியதாக ஒரு கட்டம் ஒதுக்குங்கள். அவருக்கு ஓட்டுப் போடாதவர்கள் எத்தனை பேர், எந்தெந்தப் பிரிவினருக்கு அந்த அவையில் ஓர் உறுப்பினர்கூட இல்லை, எத்தனை தேர்தலாக இல்லை என்று அதில் அச்சிடுங்கள். வாக்கு விவரங்கள் எல்லாம் அதிகாரப்பூர்வப் பட்டியலிலேயே கிடைக்கும். கூட்டிப் பார்க்க ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நான் செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியை