மலையே இல்லாத ஊரா எங்களுடையது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் செட்டிநாட்டுப் பயணக் கட்டுரையில் பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் நன்றாக வந்திருந்தன. ஆனால் நடுவே, 'மலை என்று ஒன்றும் இல்லாத பொட்டல்' என்று ஒரு வரி. கட்டுரையாளர் காரைக்குடியோடு திரும்பிவிட்டார் போலிருக்கிறது!

இன்னும் 10 கிலோமீட்டர் மேற்கே வந்திருந்தால் குன்றக்குடி. குன்று, குடி இரண்டுமே பெயரில் இருக்கின்றன. அடுத்த பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகரே குன்றைக் குடைந்து செதுக்கியவர்தான். வடக்கே திருமயத்தில் பாறையைச் சுற்றிக் கோட்டை. நெற்குப்பைப் பக்கம் திருக்கோளக்குடிக் குன்று. சிங்கம்புணரியைத் தாண்டினால் 2,000 அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது பிரான்மலை. பாரியின் பறம்புமலை இதுதான் என்பார்கள். மூவேந்தர் முற்றுகையிட்டபோது, உழவர் உழாமலே மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் தரும் மலை இது என்று கபிலர் அவர்களுக்குச் சொன்னார். பாரியின் முந்நூறு ஊர்களையும் பரிசிலர் பெற்றுவிட்டார்கள் என்றும் சொன்னார். சம்பந்தர் பாடிய கொடுங்குன்றமும் இதுவே. கோயில் மூன்று அடுக்காக மலையேற, உச்சியில் தர்கா இருக்கிறது.

இந்த மலைகளில் குடியிருப்பெல்லாம் அடிவாரத்தில்தான். வெறும் பாறை மழையைக் குடிக்காது, வழித்துக் கீழே விட்டுவிடும். அதைப் பிடிக்கக் கண்மாய், அது நிறைந்தால் கலுங்கு என்னும் வடிகால் வழியே அடுத்த கண்மாய், குடிக்க ஊருணி. எங்கள் வீடுகளில் ஓட்டுச்சாய்ப்பில் விழும் மழையை வளவில், அதாவது நடுமுற்றத்தில், அண்டா வைத்துப் பிடிப்போமே, அதே கணக்கு. மலைதான் ஊருக்குக் கூரை.

என் அப்பத்தாவுக்கு வானிலை அறிக்கை பிரான்மலைதான். மச்சில் மிளகாய் வற்றல் காயும்போது மேற்கே ஒரு பார்வை பார்ப்பார். உச்சியை மேகம் மூடியிருந்தால், வெயில் சுள்ளென்று அடித்தாலும் பிள்ளைகளைக் கூப்பிட்டு அள்ளச் சொல்லிவிடுவார். வேண்டாத வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே அள்ளுவோம். பாதி நாள் மழை வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் காவடிக்காரர்களைக் கேளுங்கள், இங்கே மலை இருக்கிறதா இல்லையா என்று. குன்றிலிருந்து புறப்பட்டு, வழியெல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டே நடந்து, இன்னொரு குன்றில் போய் ஏறுகிறவர்கள் அவர்கள்.

ஒன்றில் மட்டும் கட்டுரையாளர் சொன்னது பலித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊர் எல்லையில் ஆடு மேய்த்த சிறு பாறைக்குன்று, கரடு ஒன்று இருந்தது. பெயர்கூடக் கிடையாது, 'கரடு' என்றால் அதுதான். கல்லுடைத்து, ஜல்லியாக்கி, லாரியில் ஏற்றி, இப்போது அந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளம் இருக்கிறது. கரட்டிலிருந்து இறங்கும் ஓடையை நம்பியிருந்த கண்மாய்க்கு இரண்டு பெருமழைக்குப் பிறகும் கால்பங்கு தண்ணீர்கூட வரவில்லை. அடுத்த முறை உங்கள் புகைப்படக்காரர் வந்தால், வீடுகளை எடுத்து முடித்த பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். பள்ளத்தின் கரைவரை நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நெற்குப்பை வட்டாரம்