பாராளுமன்றம் உறங்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் பிரித்தானியத் தபால் நிலைய விவகாரம் பற்றிய கட்டுரை வாசித்தேன். நல்ல தாள், நல்ல படங்கள். ஆனால் "தொலைக்காட்சித் தொடர் வரும்வரை பாராளுமன்றம் உறங்கிக்கொண்டிருந்தது" என்று ஒரு வரி. எழுதியவருக்கு எவ்வளவு சுலபமாகப் போய்விட்டது!

தபால் நிறுவனத்தின் ஹொரைசன் என்ற கணக்குக் கணினி காட்டிய பொய்க் கணக்கால், தபால் கடை நடத்திய 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டது தாங்கள் அறியாததல்ல. அதைக் காட்டிய தொடர் வந்தது 2024 ஜனவரியில். வடகிழக்கு ஹாம்ப்ஷயர் எம்.பி. ஜேம்ஸ் ஆர்பத்நட் இதற்கென்றே பாராளுமன்றத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் ஹோல் என்ற துணை அரங்கில் விவாதம் நடத்தியது 2014 டிசம்பர் 17இல். தன் தொகுதியில், சவுத் வார்ன்பரோ என்ற சிற்றூரில், தபால் கடை நடத்திய ஒரு பெண்ணின் முறைப்பாட்டைக் கையிலெடுத்தவர் அவர். கணினியில் பிழையே இல்லையென்று தபால் நிறுவனம் சாதித்தபோது, 2012இல் வெளிக் கணக்காய்வாளரை அமர்த்த வைத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. எதிர்க்கட்சியின் கெவன் ஜோன்ஸும் வட டர்ஹாமிலிருந்து இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். ஆர்பத்நட் மகானென்று சொல்லவரவில்லை. நீச்சல் குளம் துப்புரவாக்கிய செலவை அரசிடம் வாங்கி, பிறகு திருப்பிக் கட்டியவர்தான். ஆனால் உறங்கவில்லை, ஐயா.

என் தகப்பனார் வடமராட்சியில் உப தபாலதிபராக இருந்தவர். இருபத்தைந்து சதம் உதைத்தாலும் அம்மா வைத்த பிட்டு ஆறிக் கிடக்கும். விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி கூட்டுவார். கணக்குக் குறைந்தால் கள்ளன் என்று பெயர் வருமே என்ற பயம் எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல.

எம்.பி.க்களின் வேலை தங்கள் பத்திரிகையின் கண்ணில் படுவதில்லை என்பதும் புதிதல்ல. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் பூஞ்சணம். பதினொரு மாதம் எழுதியும் வீட்டு நிர்வாகத்தார் வாய் திறக்கவில்லை. எம்.பி.யின் வெள்ளிக்கிழமைச் சந்திப்புக்காக நூலகத்தில், மழையில் நனைந்த கோப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் எழுதியது ஒன்றரைப் பக்கக் கடிதம். இரண்டு வாரத்தில் ஆட்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். அதே எம்.பி. தங்கள் பத்திரிகையில் மூன்று முறை வந்தார். மூன்றிலும் குத்துவிளக்கும் பொன்னாடையும்! சபையில் அவர் என்ன கேட்டார், எதற்கு வாக்களித்தார் என்று ஒரு வரி உண்டா? சபைப் பேச்சுகளின் பதிவேடான ஹன்சார்டில் எல்லாம் இருக்கிறது, காசும் கேட்பதில்லை. இதைத்தான் 2019இல் எழுதினேன். தாங்கள் கத்தரித்து, "பத்திரிகை வர வர மெருகேறுகிறது" என்ற வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். மிக்க நன்றி.

இப்போது கேட்பது பெரிதொன்றுமில்லை. அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம். ஆர்பத்நட் பெயரை எழுத்துப் பிழையின்றிப் போடுங்கள். என் பெயரைப் போடாவிட்டாலும் பரவாயில்லை, போன முறை அதிலும் ஓர் எழுத்தைக் காணவில்லை.

இப்படிக்கு,
இருபத்திரண்டு ஆண்டுச் சந்தாதாரர்,
ஹாரோ, லண்டன்