இளைத்தால் பந்து பறக்குமா?

ஸ்கார்பரோ
பிப்ரவரி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளிடம் சொல்லி எழுதவைக்காமல் நீயே கைப்பட எழுதியிருந்ததிலேயே கண் அறுவை நல்லபடியாக முடிந்தது தெரிந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். பனி கொட்டித் தீர்க்கிறது. வாசலில் நான் இறங்கிப் பனி தள்ளக் கூடாது என்று வீட்டில் தடையுத்தரவு. எதிர்வீட்டுப் பையன் தள்ளிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போகிறான். சின்னவளுக்கு ஹாலிஃபாக்ஸில் வேலை கிடைத்திருக்கிறது. போய்த்தான் ஆகவேண்டுமா என்று அம்மா கேட்க, போய்த்தான் ஆகவேண்டும் என்று மகள் சொல்ல, தினமும் இதே கச்சேரிதான்.

இனி நீ வம்புக்கு இழுத்த விஷயத்துக்கு வருகிறேன். பேஸ்பாலில் 50 கோடி டாலர் கொடுத்து ஒரு தொப்பையை வாங்கியிருக்கிறது உங்கள் டொரோண்டோ புளூ ஜேஸ் அணி என்று எழுதியிருக்கிறாய். போன 2025 சீசனில் விளாதிமிர் கெரேரோ ஜூனியர் அடித்தது வெறும் 23 ஹோம் ரன் (பந்து வேலியைத் தாண்டி விழும் அடி), உடம்பைக் குறைத்தால் தானாக நாற்பதைத் தாண்டுவார், சான்று வேண்டுமானால் எங்கள் பாப்லோ சாண்டோவாலைப் பார் என்கிறாய். அவர் ஆடிய சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் பக்கத்து ஊரில் குடியிருப்பதால் வந்த துணிச்சல். சரி, பார்க்கலாம்.

முதலில் எங்கள் ஆளையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உன் கட்சிக்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது. கொரோனா ஆண்டான 2020இல் ஜூலை மாதம் பயிற்சிக்கு வந்தபோது அவருக்கு 21 வயது. உடம்பு அவ்வளவு பருத்திருந்தது. மூன்றாம் பேஸில் நிறுத்த முடியாமல் முதல் பேஸுக்கு மாற்றினார்கள். அந்தக் குட்டி சீசனின் 60 ஆட்டங்களில் 9 ஹோம் ரன், சராசரி 0.262 (ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 262 முறை அடித்துப் பேஸ் சேர்வது). இத்தனைக்கும் பந்தை அடித்த வேகத்தில் குறையே இல்லை. மட்டையில் பட்ட சத்தம் தொலைக்காட்சியில் கேட்டாலே தனியாகத் தெரியும். ஆனால் பந்து நேராகத் தரையில் மோதி ஷார்ட்ஸ்டாப் என்ற உள்களத் தடுப்பாளரின் கையுறைக்குள் போய்ச் சேரும். (வீட்டில் பாட்டியின் சமையல் வேறு. அப்பா கெரேரோ ஆடிய காலத்திலேயே எதிரணி ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்துச் சோறு ஆக்கிப்போட்ட அம்மாள் அவர். அந்தக் கையால் சாப்பிட்டுவிட்டு யார் இளைப்பது!)

அடுத்த ஆண்டுப் பயிற்சிக்கு வந்தபோது 42 பவுண்டு குறைந்திருந்தார். 19 கிலோ. 2021இல் 48 ஹோம் ரன், சராசரி 0.311. ஏப்ரல் 27 அன்று வாஷிங்டன் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று. அதில் இரண்டு மேக்ஸ் ஷெர்சர் வீசிய பந்தில். ஓடானி என்ற அதிசயப் பிறவி மட்டும் குறுக்கே வராதிருந்தால் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் இவருக்குத்தான். உன் வழக்கு இந்த இடத்தில் முடிந்திருந்தால் நீ ஜெயித்திருப்பாய்.

ஆனால் 2022 என்று ஒன்று வந்ததே! அந்த ஆண்டும் நல்ல உடற்கட்டோடுதான் வந்தார். போன ஆண்டு பார்த்தது டிரெய்லர், இனிமேல்தான் படம் என்று அவரே சொன்னார். படத்தில் 32 ஹோம் ரன், சராசரி 0.274. அதற்கடுத்த ஆண்டு 26. எடை திரும்பிவந்து செய்த வேலையா இது? இல்லை. 2020இல் அவர் அடித்த பந்துகளில் பாதிக்கு மேல் தரையில் உருண்டன. 2021இல் அது 45 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. 2022இல் மறுபடியும் பாதியைத் தாண்டிவிட்டது. பந்து எந்தக் கோணத்தில் மட்டையை விட்டுக் கிளம்புகிறது என்பதை இடுப்புச் சுற்றளவா தீர்மானிக்கிறது? இன்னொன்றையும் மறந்துவிடாதே. கொரோனாவால் எல்லை மூடிக்கிடந்ததால் 2021இல் எங்கள் அணி டொரோண்டோவில் ஆடவில்லை. முதலில் ஃபுளோரிடாவில் டனீடன், பிறகு பஃபலோ, ஜூலை 30இல்தான் ஊர் திரும்பினார்கள். டனீடன் பயிற்சிக்காகக் கட்டிய சின்ன மைதானம். காற்று அடித்தால் சாதாரணப் பந்தும் வேலியைத் தாண்டும். நான் சொன்ன ஏப்ரல் 27 ஆட்டம் அங்கேதான் நடந்தது. 48இல் அந்த மைதானத்துக்கும் பங்கு உண்டு.

உன் சாண்டோவாலுக்கு வருகிறேன். அவர் கதையைப் பாதியில் நிறுத்தினால்தான் உனக்குச் சாதகம். 2010இல் சரிந்தார்: 13 ஹோம் ரன், சராசரி 0.268. சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் உலகத் தொடரை ஜயன்ட்ஸ் வென்றபோது பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிர்காலம் அரிசோனாவில் மலை ஏறி இறங்கிக் கிட்டத்தட்ட 40 பவுண்டு குறைத்தார். 2011இல் கை எலும்பு முறிந்து ஆறு வாரம் ஆடாமல் இருந்தும் 23 ஹோம் ரன், 0.315. இவ்வளவையும் சரியாக எழுதிய நீ, 2009ஐ ஏன் விட்டுவிட்டாய்? அந்தப் பருத்த உடம்போடுதானே 25 ஹோம் ரன் அடித்து 0.330 எடுத்தார்? 2012 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் டெட்ராய்ட்டுக்கு எதிராக மூன்று ஹோம் ரன் அடித்தபோதும் பழைய சுற்றளவு திரும்பிக்கொண்டுதான் இருந்தது. பிறகு பாஸ்டன் அவரை ஐந்தாண்டுக்கு 9.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2016 ஏப்ரலில் எங்கள் ஊர் மைதானத்தில் மட்டையைச் சுழற்றிய வேகத்தில் இடுப்பு பெல்ட் அறுந்துபோனது. மனிதர் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சியை இரக்கமில்லாமல் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். தோள் அறுவை முடிந்து 2017 பயிற்சிக்கு வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். புகைப்படங்களைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. அந்த இளைத்த உடம்பு 32 ஆட்டங்களில் எடுத்த சராசரி 0.212. ஜூலையில், நாலு கோடி டாலருக்கு மேல் பாக்கி இருந்தும் பரவாயில்லை என்று அணியை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

கிரிக்கெட்டில் நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஆள் ஒருவர் உண்டே, பாகிஸ்தானின் இன்சமாம். 2003 உலகக் கோப்பைக்கு எடையை நன்றாகக் குறைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்கா போனார். தொடர் முழுவதும் சேர்த்து 19 ரன்.

பந்து மட்டையில் படும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கணத்தில் மட்டைக்குப் பின்னால் நிற்பவர் 80 கிலோவா 120 கிலோவா என்பது பந்துக்குத் தெரியாது. மட்டையின் எடை, வேகம், எந்த இடத்தில் எந்தக் கோணத்தில் பட்டது, அவ்வளவுதான். நம்பாவிட்டால் 2012 மே மாதம் சின்சினாட்டியின் டாட் ஃப்ரேசியர் அடித்ததைத் தேடிப் பார். பந்து படும்போதே மட்டை கையைவிட்டு நழுவிப் பறக்கிறது. பிடித்திருக்க ஆளே இல்லாத மட்டையில் பட்ட பந்து வேலிக்கு அப்பால் விழுகிறது. உடம்பின் வேலையெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கால் ஊன்றி, இடுப்பு திரும்பி, தோள் திரும்பி, மட்டைக்கு வேகம் ஏற்றிவிடவேண்டும். அதற்குத் தசை வேண்டும். கொழுப்பு கரைந்தால் இடுப்பு லேசாகத் திரும்பும், உடம்பை ஒட்டி வரும் பந்துக்குக் கை சீக்கிரம் உள்ளே வரும் என்பது என் ஊகம். அவசரப்பட்டுப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் போய்விடும். ஹாங்க் ஏரன் சுமார் 82 கிலோ உடம்போடுதான் வாழ்நாளில் 755 ஹோம் ரன் அடித்தார். ஹோம் ரன்னுக்குப் பேர்போன ஏரன் ஜட்ஜ் 125 கிலோவுக்கு மேல். இதில் எந்த எடையை நீ சரியான எடை என்பாய்?

என் சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது. யார் எடை குறைக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தாயா? நன்றாக ஆடிய ஆண்டுக்குப் பிறகு யாரும் குறைப்பதில்லை. படுமோசமாக ஆடி, பத்திரிகைகளில் அடிவாங்கி, பயிற்சியாளர் முகம் சுளித்த பிறகுதான் குளிர்காலத்தில் மலை ஏறப் போகிறார்கள். படுமோசமான ஓர் ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, திறமையுள்ள எந்த ஆட்டக்காரரும் எதுவும் செய்யாமலே கொஞ்சம் தேறிவிடுவார். அந்தப் பெருமை எடை பார்க்கும் கருவிக்குப் போய்ச் சேருகிறது. பழைய காலத்து ஹோம் ரன் மன்னர் பேப் ரூத் 1925இல் ரயில் நிலையத்தில் மயங்கி விழுந்தார், வயிற்றில் அறுவை, இரவுக் கூத்துகளுக்காக அபராதம், கடைசியில் 25 ஹோம் ரன். அந்தக் குளிர்காலம் நியூயார்க்கில் ஆர்ட்டி மெகவர்ன் நடத்திய உடற்பயிற்சிக் கூடத்தில் கிடந்து இளைத்தார். 1926இல் 47, 1927இல் 60. தேறியது இளைத்ததாலா, வயிறு குணமானதாலா, கூத்து குறைந்ததாலா? மூன்றையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பிரின்ஸ் ஃபீல்டர் என்ற இன்னொரு ஆட்டக்காரர் சைவத்துக்கு மாறிய கதையும் இப்படித்தான். 2007இல் 50 அடித்தவர் 2008இல் 34க்கு இறங்கியதும், மாமிசத்தை விட்டதால்தான் பலம் போயிற்று என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். 2009இல் 46 அடித்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரும் அவர் அப்பா சிசில் ஃபீல்டரும் வாழ்நாளில் அடித்தது, சொல்லிவைத்தாற்போல, ஆளுக்கு 319. இதற்கு என்ன காரணம் சொல்வாய்?

இளைப்பதால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. கெரேரோ 2021இல் 161 ஆட்டம், 2022இல் 160 ஆட்டம் ஆடினார். கேலி செய்யப்பட்ட அதே முதல் பேஸில் 2022ஆம் ஆண்டுக்கான தங்கக் கையுறை விருது (சிறந்த தடுப்பாட்டத்துக்குத் தருவது) வாங்கினார். செப்டம்பரிலும் கால் நகர்கிறது. உடம்பு இளைத்ததன் பலன் என்று நான் துணிந்து சொல்வது இதைத்தான். 48 ஹோம் ரன்னை அந்தக் கணக்கில் எழுதமாட்டேன்.

நீ கிண்டல் செய்த போன சீசனையே பார். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 23. அதே உடம்பு, அதே தொப்பை, அக்டோபரில் தொடங்கிய கோப்பைச் சுற்றின் 18 ஆட்டங்களில் 8 ஹோம் ரன். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் தோற்றதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை, அதைப் பற்றி எழுதாதே. ஆனால் அந்த மாதத்தில் அவர் மட்டை நின்ற நிற்பைப் பார்த்த யாரும் இடுப்பளவைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

மருத்துவர் உன்னைப் பத்துக் கிலோ குறைக்கச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதத்தைக் காட்டி அவரிடம் வாதாடாதே. நீ குறைக்கத்தான் வேண்டும். சர்க்கரை அளவு எவ்வளவு என்று மட்டும் எழுதாமல் மழுப்பியிருக்கிறாயே, அடுத்த கடிதத்தில் எழுது. ஜூனில் வருவது உறுதி என்றால் தேதியைச் சீக்கிரம் சொல். இந்த ஆண்டு டிக்கெட் லேசில் கிடைக்காது. கமலாவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்
ராமநாதன்