வார்ப்புக்கு அனுப்பும் முன் வாசகத்தைப் பாருங்கள்

அமெரிக்கத் தென்மாநிலச் சிறுநகரங்களின் நகரமன்றத்தாருக்கும் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தாருக்கும் வணக்கம்.

இனவெறிக் கொலைகள் நடந்த இடத்தில் வரலாற்றுப் பலகை வைப்பதென்று முடிவானதும், எந்த இடம், யார் செலவு, திறப்பு விழாவுக்கு யார் வருவது என்பதிலேயே பேச்சு போய்விடுகிறது. வாசகத்தைக் கடைசி வாரத்தில் யாரோ ஒருவர் எழுதித் தருகிறார். அதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். வார்த்த அலுமினிய எழுத்தைச் சுரண்டித் திருத்த முடியாது. ஒரு சொல் தவறினாலும் முழுப் பலகையையும் மறுபடி வார்க்க வேண்டியதுதான்.

லூசியானாவின் கோல்ஃபாக்ஸைப் பாருங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலம், 1872 ஆளுநர் தேர்தலில் வென்றது யார் என்ற தகராறு நீடித்த நேரம். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறன்று, கிராண்ட் பாரிஷ் (லூசியானாவில் மாவட்டத்தைப் பாரிஷ் என்பார்கள்) நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பின மக்களை ஆயுதமேந்திய வெள்ளையர் கூட்டம் பீரங்கியோடு சூழ்ந்தது. கட்டடத்துக்குத் தீ வைத்தது. சரணடைந்தவர்களையும் விடவில்லை, பிடித்து வைத்திருந்தவர்களை இரவில் சுட்டுக் கொன்றது. 1950களின் தொடக்கத்தில் மாநில அரசு அங்கே வைத்த பலகை இதைக் 'கலவரம்' என்றது. மூன்று வெள்ளையரும் 150 நீக்ரோக்களும் கொல்லப்பட்டனர், வடக்கிலிருந்து வந்தவர்களின் முறைகேடான ஆட்சி தெற்கில் இதோடு முடிந்தது என்றது. அது 2021 மே மாதம்தான் அகற்றப்பட்டது.

அந்த வாசகத்தில் கொன்றவர் யார் என்பதே இல்லை. ஆகவே வரைவை எடுத்து, ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் எழுவாய் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து எண்ணிக்கை. 1875இல் நாடாளுமன்றத்துக்குப் போன இராணுவ அறிக்கை இறந்தவர்களில் 81 பேரைப் பெயரோடு குறித்தது. ஆற்றில் வீசப்பட்டோரையும் இரகசியமாகப் புதைக்கப்பட்டோரையும் சேர்த்துக் குறைந்தது 105 என்றது. வேறு கணக்குகள் சுமார் அறுபதிலிருந்து நூற்றைம்பதுவரை போகின்றன. எந்த எண்ணைப் போட்டாலும் அது யார் எடுத்த கணக்கு என்பதையும் அதே வரியில் போடுங்கள். பின்விளைவுக்கும் ஒரு வரி வேண்டும்: 97 பேர்மீது குற்றச்சாட்டு, மூவருக்கு மட்டும் தண்டனை, அதையும் 1876இல் குரூக்ஷாங்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கறுப்பின மக்களைக் காக்க நடுவண் அரசுக்கு இருந்த கை அந்தத் தீர்ப்பால் கட்டப்பட்டது. கோல்ஃபாக்ஸ் நாட்டு வரலாற்றில் இடம்பெறுவது இதனால்தான்.

கொல்லப்பட்டோரின் பெயர்களைத் தேடுவதுதான் கடினமான வேலை, ஆனால் முடியாத வேலை இல்லை. அடிமைப்பட்டிருந்தவர்கள் பெயரோடு பதிவான முதல் மக்கள்தொகைக் கணக்கு 1870இல் எடுத்தது, அங்கே தொடங்குங்கள். விடுதலையான அடிமைகளுக்கு உதவ நடுவண் அரசு அமைத்த விடுதலை பெற்றோர் பணியகத்தின் ஆவணங்கள், நீதிமன்ற நிலப்பதிவேடு, தேவாலயப் பதிவு, வழித்தோன்றல்களின் குடும்ப நினைவு ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒத்துப் பாருங்கள். அக்கால உள்ளூர்ச் செய்தித்தாளை மட்டும் நம்பாதீர்கள்; பெரும்பாலும் அது தாக்கியவர் பக்கம் நின்றது. படுகொலையின் 150ஆம் ஆண்டு நிறைவு நாளில், 2023 ஏப்ரல் 13 அன்று, கோல்ஃபாக்ஸில் திறந்த கருங்கல் நினைவுச் சின்னம் பெயர்களைச் சுமந்து நிற்கிறது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று.

பொருளிலும் கவனம் வேண்டும். மிசிசிப்பியின் மணி (Money) என்ற ஊரில், 1955இல் வெள்ளையர் கொன்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் நினைவாக 2011இல் வைத்த பலகையில் படங்களும் எழுத்தும் வினைல் தாளில் இருந்தன. 2017இல் யாரோ அவற்றை உரித்துவிட்டார்கள். புடைத்த வார்ப்பு எழுத்தை உரிக்க முடியாது. டல்லஹாச்சி ஆற்றங்கரையில் அவருக்கு வைத்த பலகைகளில் ஒன்று திருடு போயிற்று, பின்வந்தவை துப்பாக்கிக் குண்டுகளால் துளைபட்டன. 2019இல் வைத்தது 500 பவுண்டு எடையுள்ள, குண்டு துளைக்காத எஃகுப் பலகை. எனவே ஆரம்பத்திலேயே இரண்டாவது பலகைக்கும் பணம் ஒதுக்குங்கள். அலுமினியத்தைச் சாதாரண இரும்பு போல்ட்டால் பூட்டினால் இரண்டும் தொடும் இடம் அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் நைலான் வாஷரும் போடுங்கள். கம்பத்துக்குக் குழி தோண்டும் முன் 811 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்து நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை நிலமென்றால் அத்துறையின் அனுமதி வேண்டும். கார் ஒதுங்கி நிற்க இடமில்லாத வளைவில் வைத்தால் ஒருவரும் நின்று படிக்க மாட்டார்கள்.

கோல்ஃபாக்ஸ் கல்லறைத் தோட்டத்தில், வெள்ளையர் மேலாதிக்கத்துக்காகப் போரிட்டு மடிந்த வீரர்கள் என்று, தாக்கியவர் பக்கம் இறந்த மூவரைப் போற்றி 1921இல் பளிங்குத் தூண் ஒன்றை எழுப்பினார்கள். உங்கள் ஊரிலும் இத்தகைய கல் இருந்தால், அதைப் படிக்கும் ஒருவர் திரும்பாமலே பார்க்கக்கூடிய தொலைவில் புதிய பலகை வையுங்கள்: எந்த ஆண்டு, யார் பணத்தில், யாருக்காக எழுப்பியது, அங்கே நடந்தது என்ன. புதிய பலகையின் அடியிலும் ஆண்டையும் வைத்தவர் பெயரையும் தவறாமல் போடுங்கள்.

வரைவைப் பொதுக்கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டி, கொல்லப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்கு ஒரு மாதமாவது அவகாசம் கொடுத்து, அவர்களின் திருத்தங்களை எழுத்தில் பெற்ற பிறகே வார்ப்பாலைக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.