நவம்பர் 1-இல் விட்டுப்போன ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழ் கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது 'வரலாற்றில் இன்று' பெட்டியைத்தான். நவம்பர் 1-க்குக் கேரளம், ஆந்திரப் பிரதேசம் உருவானது, புதுச்சேரி விடுதலை நாள், பஞ்சாபிலிருந்து ஹரியானா பிரிந்தது என்று வரிசையாகப் போட்டிருந்தீர்கள். எல்லாம் சரி, கன்னியாகுமரி மாவட்டம் எங்கே? தக்கலையில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு உறுத்தாதா?

1956-இல் மாநில மறுசீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே நாளில்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தப் பக்கம் வந்தன. செங்கோட்டை நெல்லையோடு சேர்ந்தது. தமிழர்கள் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. 'குமரி கேரளத்திலிருந்து பிரிந்தது' என்று பலர் எழுதுகிறார்கள். கேரளம் பிறந்த அன்றே நாங்கள் வெளியே வந்துவிட்டோம். அந்த மாநிலத்தில் நாங்கள் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

ஆக, கேரளமும் குமரியும் ஒரே தேதியில் வருவது தற்செயல் இல்லை. ஒரே சட்டத்தின் வேலை. புதுச்சேரி அப்படியில்லை. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். மூன்றே நாளில் ஒப்பந்தம், நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. இரண்டு வருடம் கழித்து எங்களுக்கும் அதே தேதி வாய்த்தது தற்செயல்தான். என் மனைவி காரைக்கால்காரர். அவர் பிறந்த வீட்டில் அன்று விடுதலை நாள், எங்கள் வீட்டில் இணைந்த நாள். யார் நாள் பெரிது என்று வருடா வருடம் ஒரு வாக்குவாதம் நடக்கும். அங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது, இங்கே தமிழகத்தோடு இணையப் போராடியவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை (ஆகஸ்ட் 11) என்று நான் சொன்னால், அவர் காபி போடப் போய்விடுவார்.

வங்கிக் கடனுக்காக எங்கள் முப்பது சென்ட் நிலத்தின் தாய்ப்பத்திரத்தை எடுத்தபோது, அது முழுக்க மலையாளத்தில் இருந்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. வக்கீல் குமாஸ்தா ஒருவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். அடுத்த பத்திரம் 1958-இல் எழுதியது, தமிழில் இருக்கிறது. இரண்டிலும் அதே வரப்பு, அதே தென்னை.

இன்னொன்று. நாங்கள் வந்து சேர்ந்த மாநிலத்தின் பெயர் அன்று தமிழ்நாடு இல்லை, சென்னை மாநிலம். அந்தப் பெயருக்காக உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் அக்டோபர் 13-இல், அதாவது எங்கள் இணைப்புக்கு 19 நாள் முன்பு, உயிர் விட்டார். பெயர் வர 1969 பொங்கல் ஆனது. இப்போது தமிழ்நாடு நாளை ஜூலை 18-க்கு மாற்றியிருக்கிறார்கள். அண்ணா சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்த நாள் அது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. நாகர்கோவிலில், எங்கள் இணைப்புப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய நேசமணியின் சிலைக்கு மாலை விழுவது என்னவோ நவம்பர் 1-இல்தான்.

அடுத்த வருடம் எங்களுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். இடம் போதவில்லை என்றால் ஹரியானாவைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை